நாலு எடம் பாத்தாச்சுங்க

அந்தச் சேருல வேண்டாம் தம்பி, அதுக்கு நேர் மேல ஏ.சி. இருக்குது, மண்டையில அடிக்கும். இப்பிடி வாங்க, எம்பக்கத்துல உக்காருங்க. மொதத் தடவைங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அந்த ஃபாரத்தை நிதானமா எழுதுங்க, அவசரமே இல்லை. உள்ள போனவங்க அம்பது நிமிசத்துக்கு முன்னால வெளிய வர மாட்டாங்க. இவங்களுக்கு ஒரு மணி நேரம்னா அம்பது நிமிசம்தான். மீதிப் பத்து நிமிசம் எங்கீங்க போச்சுன்னு கேட்டா, குறிப்பு எழுதறதுக்குங்கறாங்க. அப்பிடி என்னத்தைத்தான் எழுதறாங்களோ.

சன்னலோரம் ஃபோனைப் பாத்துட்டு இருக்கறது உங்க சம்சாரங்களா? ரெண்டு சேரு தள்ளி உக்காந்திருக்குது. செரி செரி, நான் ஒண்ணும் கேக்கலை.

அனுபவப்பட்டவன் சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தக் கோயமுத்தூருல மனசுக்கு வைத்தியம் பண்றேன்னு போர்டு மாட்டுனவங்கள்ல நாலு பேரை நான் நேருல போயே பாத்தாச்சுங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தினுசு. ஒருத்தர் பழசைக் கிண்டுவாரு, ஒருத்தர் பரீட்சைப் பேப்பர் குடுப்பாரு, இன்னொருத்தர் ஊர்க்கூட்டம் போடுவாரு. நாலும் தேறாதுங்க. இது அஞ்சாவது. இதுவும் தேறாதுன்னுதான் தோணுது. உள்ள வர்றப்ப அந்தச் சொவர்க் கடியாரத்தைப் பாத்தீங்களா? ஏழு நிமிசம் சுத்தமாப் பின்னால ஓடுது. நேரத்தை வித்துப் பொழைக்கற எடத்துல கடியாரம் இந்த லட்சணம்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பீளமேட்டுல ஒரு பம்ப் செட் கம்பெனியில முப்பத்தோரு வருசம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தேன். பவுண்டரியில இருந்து வர்ற உருப்படி அத்தனையும் என்ற மேசைக்கு வந்துதான் போகோணும். கையில ஒரு சாக்பீஸ். குறை இருக்கற எடத்துல பெருக்கல் குறி போடுவேன், அதுக்கப்பறம் முதலாளியே வந்து கேட்டாலும் அது வெளிய போகாதுங்க. அவன் பாஸ் பண்ணுனா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு டீலருங்க சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லலை. ஒரு சாமானை எப்பிடிப் பாத்து எடுக்கோணும்னு தெரிஞ்சவன்னு சொல்ல வந்தேன்.

எதுக்கு நான் இங்க வந்தேன்னு கேக்கறீங்களா? கேக்கலைங்களா? செரி, நானே சொல்லீர்றேன். என்ற சம்சாரம் ஒம்பது மாசமா கோபியில அவ தங்கச்சி ஊட்டுல இருக்கறா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லீங்க. எங்கூட்டுல சண்டைங்கற பேச்சே கெடையாது. முப்பத்திமூணு வருசத்துல அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. அப்பிடிப்பட்ட குடும்பம்.

என்ற பொண்ணு பெங்களூருல இருக்குது. அது ஃபோனைப் போட்டு, அப்பா, அம்மா திரும்பி வரோணும்னா நீங்க ரெண்டு பேரும் தெரபிக்குப் போகோணும்னு சொல்லுச்சு. தெரபின்னா ஒண்ணா ரெண்டா? ஒரு பட்டியலே அனுப்பி உட்டுச்சுங்க. தனியா ஒக்காந்து பேசறது, சோடியா ஒக்காந்து பேசறது, கூட்டமாப் பேசறது, எழுதிப் பேசறது. மளிகைச் சீட்டு தோத்துது போங்க. சம்சாரம் அதுக்கு என்ன சொன்னான்னா, எது நல்லதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, நான் வந்து உக்காந்துக்கறேன், ஆனா வெரசா முடிவு பண்ணுங்கன்னா. பாத்தீங்களா, அவளுக்கே தெரியுது, பாத்து எடுக்கற சோலி நம்மளோடதுன்னு. சாமானை ஊட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னால சாம்பிள் பாக்கோணும். அதனால நான் மட்டும் தனியா ஒவ்வொரு எடமாப் போனேன்.

மொதலாவது ஆர்.எஸ்.புரத்துல. தாடி வெச்ச பையன், முப்பது வயசு இருக்கும். நான் சம்சாரத்தைப் பத்திச் சொல்ல வாயத் தொறந்தா, உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்கங்கறான். என்ற ஆத்தா போய்ச் சேந்து இருவது வருசமாச்சு தம்பி, அவுங்களை எதுக்கு இதுல இழுக்கறேன்னு கேட்டேன். சிரிச்சுட்டு எழுதிக்கறான். சின்ன வயசுல உங்களை யாராவது பாராட்டுனாங்களான்னு அடுத்த கேள்வி. எங்கப்பாரு பாராட்டமாட்டாரு, தோட்டத்துல பாத்தி கோணலாப் போச்சுன்னா மம்பட்டிப் புடியால முட்டியில ஒண்ணு வெப்பாரு, அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் என்ற கை ஒரு கோடு கோணலாப் போடாதுன்னேன். அதையும் எழுதிக்கிட்டான். இதுக்கு எத்தனை நாளாகும்னு கேட்டா, அது உங்களைப் பொறுத்ததுங்க சார்ங்கறான். எப்ப முடியும்னு தெரியாமயே ஒரு சோலியை ஆரம்பிக்கற ஆளை நீங்க உங்க ஊட்டு வாசப்படி ஏத்துவீங்களா? அதோட செரி.

ரெண்டாவது ஒரு லேடி, சாயிபாபா காலனி. இவங்க கொஞ்சம் பரவால்லைன்னு நெனைச்சேன், ஏன்னா ஃபாரம் குடுத்தாங்க. என்ன நடந்துச்சு, அப்ப என்ன நெனைச்சீங்க, என்ன உணர்ச்சி வந்துச்சு, நெனைச்சதுக்கு என்ன ஆதாரம்னு கட்டம் கட்டமா. தெனமும் எழுதிட்டு வரச் சொன்னாங்க. நானும் ஒரு வாரம் ஒரு நாள் உடாம எழுதுனேன். கொண்டு போய்க் குடுத்தா, அந்தம்மா பொரட்டிப் பொரட்டிப் பாக்கறாங்க. சார், உணர்ச்சிங்கற கட்டத்துல ஏழு நாளும் ஓகேன்னு எழுதியிருக்கீங்களேன்னாங்க. ஆமாங்க, ஏழு நாளும் ஓகேதான்னேன். ஓகேங்கறது உணர்ச்சி இல்லைங்க சார்ங்கறாங்க. அப்பறம் எதுக்கு இத்துணூண்டுக் கட்டம் குடுத்தாங்க? அதுல நாலு எழுத்துதான் புடிக்கும். அந்த ஃபாரத்துலயே மூணு தப்பு இருந்துச்சு, வரிசை எண் இல்லை, தேதிக்கு எடம் இல்லை, கையெழுத்துக்கும் எடம் இல்லை. நான் புதுசா ஒண்ணு ஸ்கேல் வெச்சுப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். இந்நேரம் அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஓட்டிட்டு இருப்பாங்க.

மூணாவதைக் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. எட்டுப் பேரை வட்டமா பிளாஸ்டிக் சேருல உக்கார வெச்சு, ஒவ்வொருத்தரா மனசுல இருக்கறதைச் சொல்லோணுமாம். ஒருத்தர் பேங்குல மேனேசரா இருந்தவரு, பெரிய மனுசன், பேண்ட்டு சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம வந்திருக்காரு, மகன் பேச மாட்டேங்கறான்னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுகறாரு. எல்லாரும் சும்மா பாத்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்குப் பொறுக்கலை. நீங்க காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு நடங்க, மகனுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, மொதல்ல கண்ணைத் தொடைங்கன்னு மூணு வழி சொன்னேன். அதை நடத்தற பொண்ணு, சார், இங்க யாரும் யாருக்கும் தீர்வு சொல்லக்கூடாது, கேட்டாப் போதும்னுச்சு. தீர்வு சொல்லக்கூடாதுன்னா எதுக்கு இருவத்தஞ்சு பேரு செருப்பை மாடிப்படியில கழட்டி உட்டுட்டு வர்றாங்க? எட்டுப் பேருதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நீங்க எழுதுங்க, எழுதுங்க. குறைபாடுகள்னு ஒரு எடம் இருக்கும், அதுல உங்களோடதை எழுதிப் போடாதீங்க, அப்பறம் அதையே புடிச்சுத் தொங்குவாங்க.

நாலாவது சோடிங்களுக்குன்னே நடத்தற எடம். ராமநாதபுரத்துல, பெரிய ஊடு, வாசல்ல செடியெல்லாம் வெச்சு. அவரு வயசானவரு, மரியாதை தெரிஞ்சவரு. உங்க மனைவி வரலையான்னாரு. மொதல்ல நான் பாத்து எனக்குத் திருப்தியா இருந்தா கூட்டிட்டு வர்றேன்னேன். செரின்னு சொல்லிட்டு எனக்கு எதுத்தாப்புல ஒரு வெறுஞ்சேரைப் போட்டு, இதுல உங்க மனைவி உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க, அவங்ககிட்டச் சொல்லோணும்னு நெனைக்கறதைச் சொல்லுங்கன்னாரு. நாடகக் கம்பெனிக்கு வந்துட்டமோன்னு நெனைச்சுட்டேன். செரி, வந்தது வந்தாச்சுன்னு பாக்கறேன், அந்தச் சேரு ஆடுது. ஒரு காலு அரை இஞ்சுக் கட்டை. நான் எந்திரிச்சுப் போயி, பேப்பரை நாலா மடிச்சு அடியில குடுத்து, அப்பவும் செரியா நிக்கலை, எட்டா மடிச்சு, அப்பறம் தரையே மட்டமில்லைன்னு கண்டுபுடிச்சு சேரையே அக்கட்டால நகத்தி வெச்சு, அசையாம நிக்க வெக்கறதுக்குள்ள அவரு சொன்ன நேரம் முடிஞ்சு போச்சு. ஆடற சேருல அடுத்தவன் பொண்டாட்டியை உக்காரச் சொல்றாங்க பாருங்க. அவ கெட்டியான ஒடம்பு, உழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?

கெளம்பையில அவரு ஒண்ணு கேட்டாரு. உங்க மனைவி எதுக்காகப் போனாங்கன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களேன்னாரு. அது ஒண்ணும் பெருசில்லீங்கன்னுட்டு வந்துட்டேன்.

பெருசில்லைதானுங்க தம்பி. நீங்களே கேட்டுட்டு நாயஞ் சொல்லுங்க. ரிட்டையர் ஆகி ஊட்டோட இருந்தேன். சும்மா உக்காந்திருக்க நம்மளால ஆகாது. சமையக்கட்டுல ஒரு பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டேன், சொன்னாச் சண்டை வரும். ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சுருவேன். சன்னல் கம்பியில தூசி இருந்தா ஒரு குறி. அவ பாத்துட்டுத் தொடைச்சு வெப்பா. ஒரு வருசம் இப்பிடியே சுமுகமாப் போச்சுங்க. ஒரு நாள் ஒரு முணுமுணுப்பு இல்லை.

போன ஆவணியில கொழுந்தியா பையனுக்குக் கோபியில கல்யாணம். வெள்ளென எந்திரிச்சுப் பட்டுச்சேலை கட்டிட்டு நிக்கறா. பின்னால பாத்தா, கரை ஒரு பக்கம் நாலு வெரக்கடை எறங்கி நிக்குது. சொன்னா நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி சுண்டிப் போயிரும். குனிஞ்சு சீர்த்தட்டு அடுக்கிட்டு இருந்தா, நான் பின்னால ஒரு குறி போட்டேன். வெறும் சாக்பீஸ்தானுங்க, தட்டுனாப் போயிரும். பஸ்ஸுல ஏறறதுக்கு முன்னால சொல்லிச் செரி பண்ணிக்கலாம்னு இருந்தேன், அவசரத்துல மறந்து போச்சு. மண்டபத்துல அவ மேடையில ஏறிச் சீர் செய்யறா, சொந்தபந்தம், ஒறம்பரைச் சனம் முன்னூறு பேரு கீழ உக்காந்திருக்குது. ஒருத்தி எந்திரிச்சுப் போயி, ஏனுங்கக்கா, கழிச்சு உட்ட சேலையை உங்க தலையில கட்டிட்டாங்களான்னு கேட்டுத் தட்டி உடப் போயிருக்கறா. இவ திரும்பி அந்தக் குறியைப் பாத்துட்டுச் சிரிச்சாளாம். சாப்புட்டு முடிச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் பையோட வாசல்ல நிக்கறேன், வந்து, ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேனுங்கன்னா. அந்த ரெண்டு நாளு இன்னும் முடியலை.

ஒரு சாக்பீஸுக் கோட்டுக்கு ஒம்பது மாசம். சொல்லுங்க பாக்கலாம்.

எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க? உங்க சம்சாரமும் ஃபோனை வெச்சுட்டுக் கேக்குது போல. கேக்கட்டும், நல்லதுதான்.

போன மாசக் கடைசியில நாலுத்தையும் பத்தி ரிப்போர்ட்டு எழுதி, ஃபைலு போட்டு எடுத்துட்டுக் கோபிக்குப் போனேன். அவ முருங்கக்கீரை உருவிட்டு உக்காந்திருந்தா. எளைச்சிருக்கறா. இல்லை, எளைக்கலை, நிமுந்து உக்காந்திருந்தா, அதுதான் வேற மாதிரி தெரிஞ்சுது. நான் ஒண்ணொண்ணாப் படிச்சேன், இன்னது செரியில்லை, இன்ன காரணம்னு. பொறுமையாக் கேட்டா. முடிச்சதுக்கப்பறம் கையக் கழுவிட்டு வந்து அந்த ஃபைலை வாங்கிப் பாத்துட்டு, இதுல என்ற பேரு எங்கீங்க இருக்குதுன்னா.

நானும் தேடுனேன். சம்சாரம்னு இருக்குது, மனைவின்னு இருக்குது. பேரு இல்லை. அந்த நாலு பேருகிட்டயாவது சொன்னீங்களான்னா. கேக்கத்தான் கேட்டாங்க, ஊட்டுக்காரின்னு போட்டுக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். எங்க பக்கம் அப்பிடித்தானுங்க தம்பி. எங்கப்பாரு எங்காத்தாவைப் பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதில்லை. நானும் இந்தான்னுதான் கூப்புடுவேன், அவளும் ஏனுங்கன்னு வருவா. அதுல என்ன கொறைஞ்சு போச்சு? அதைச் சொன்னதுக்கு அவ சொன்ன பதிலைக் கேளுங்க.

“பேரு சொல்லக் கூச்சம்னா அதை நான் குத்தமாச் சொல்லலீங்க. கொறை சொல்றதுக்கு மட்டும் முப்பத்திமூணு வருசமா உங்களுக்கு எப்பிடிக் கூச்சமே வரலை?”

முப்பத்திமூணு வருசத்துல மொத எதுத்த பேச்சு. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். அப்பத்தான் சொல்றா, தை மாசத்துல இருந்து புதன்கெழமை ஆனா கோபியில பஸ் ஏறி இங்க வந்துட்டுப் போறாளாம். ஆமாங்க, இதே எடத்துக்கு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எதை வெச்சு இந்த எடத்தைப் புடிச்சேன்னேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரம்னா. அவ்வளவுதானுங்க செலக்‌ஷன்! நான் நாலு எடம் ஏறி எறங்கி, ஸ்கேல் வெச்சு ரிப்போர்ட்டு எழுதிட்டு இருக்கறேன், இவ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்னு எடுத்துட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை.

அவ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறா. கோபியிலயே ஒரு பொண்ணுங்க ஸ்கூல் ஹாஸ்டல்ல வார்டன் வேலைக்குக் கூப்புடறாங்களாம். இந்தா வர்ற திங்கக்கெழமை, இன்னும் அஞ்சே நாளு, அதுக்குள்ள பதில் சொல்லோணுமாம். சேந்தான்னா ராத்தங்கல் அங்கதான், அப்பறம் இந்தப் பக்கம் வர்றதுங்கற பேச்சே இல்லை. இங்க இன்னும் ரெண்டு புதன்கெழமை பாக்கி இருக்குது, எனக்கு இனித் தேவைப்படலை, அந்த நேரத்துக்கு நீங்க போங்க, பேச்சுக் கேக்கற அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன், புக்கிங் என்ற பேருலயே இருக்கட்டும்னா. என்னைப் பத்திப் பேச வேண்டாம், அந்த எடத்தைப் பத்தியும் பேச வேண்டாம், உங்களைப் பத்திப் பேசிட்டு வாங்கன்னா. பேசுனா வந்துருவியான்னேன். வர்றேன்னு சொல்லலை, யோசிக்கறேன்னு சொல்றேன்னா. இப்பிடிப் பேசறவளை நான் பாத்ததே இல்லீங்க.

போன புதன்கெழமை வந்தேன். இதே சேருதான். கூப்புட்டாங்க. அப்பப் பாத்து ஃபோன் அடிச்ச மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டு வெளிய போனேன். யாரும் கூப்புடலை. அப்பிடியே பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிட்டேன். வெயிலு வேற. இன்னைக்குக் கடைசிப் புதன்.

என்னத்தைப் பேசறதுன்னு சொல்லுங்க தம்பி. அடுத்தவங்க கொறையைக் கேளுங்க, மணி மணியாச் சொல்றேன். என்னைப் பத்தின்னா என்ன இருக்குது? காலையில எந்திரிக்கறேன். நானே காப்பி வெக்கறேன், நல்லா இல்லை. அதைச் சொல்றதுக்குக்கூட ஆளில்லை. ஊட்டுல இப்ப ஒரு குறை கெடையாதுங்க, வெச்சது வெச்ச எடத்துல இருக்குது. சாயங்காலமானா அந்தச் சமையக்கட்டைப் பாக்கவே பயமா இருக்குது. இதையெல்லாம் போயி ஒரு பொம்பளைகிட்ட உக்காந்து சொல்ல முடியுங்களா? உங்ககிட்டச் சொல்லீட்டேன், அது வேற. நீங்க ஃபாரம் எழுதிட்டு இருக்கறீங்க.

கதவு தொறந்துருச்சு. அந்தம்மா அழுதிருக்காங்க பாருங்க, உள்ள போயிட்டு வந்தவங்க. பாத்தீங்களா, கெட்டியா இருந்த ஆளை அழ வெச்சு அனுப்பறாங்க.

“சுலோச்சனா!”

நீங்க போறீங்களா தம்பி மொதல்ல? எனக்கு அவசரமில்லை. இல்லைங்களா, இன்னும் எழுதி முடிக்கலைங்களா? உங்க சம்சாரத்தையாவது போகச் சொல்லுங்க. ரெண்டு பேருமா வேணும்னாலும் போங்க, நான் மெதுவா அப்பறமா...

“சுலோச்சனா யாருங்க? வந்திருக்காங்களா?”

உங்க சம்சாரம் என்னையே பாக்குது.

இருக்கறேனுங்கம்மா. வர்றேன். சுலோச்சனா... சுலோச்சனாங்கறது நாந்தானுங்க.